பார்க்காத சரக்குக்குக் கையெழுத்து

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தாளை முழுசாகப் படித்துப் பார்த்தது கடைசியாக எப்போது, சொல்லுங்கள் பார்ப்போம்? பேங்கில், ஆஸ்பத்திரியில், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த இடத்தில், அவர்கள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டுவிட்டு வந்தவர்கள்தான் நாமெல்லாம். வியாசர்பாடி கிருஷ்ணப்பன் அப்படி வந்தவர் இல்லை.

துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை எண்ணி எழுதுகிறவருக்கு அந்தப் பேர். கிரேன் மூட்டையைக் கீழே வைக்கும் ஒவ்வொரு தடவையும் தாளில் ஒரு கோடு. நாலு கோடு விழுந்தால் குறுக்கே ஐந்தாவது. கப்பல்காரன் ஒரு கணக்குச் சொல்வான், லாரிக்காரன் இன்னொன்று சொல்வான், நடுவில் மூட்டை காணாமல் போனால் இரண்டு பேரும் டாலி கிளார்க்கைத்தான் பார்ப்பார்கள். அதனால் அந்த வேலையில் இருந்தவர்கள் யாரையும் நம்புவதில்லை. நம்பினால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

பிறகு கண்டெய்னர் வந்தது. சீல் வைத்த இரும்புப் பெட்டி. உள்ளே தையல் மிஷின் என்று தாள் சொல்லும். தையல் மிஷினோ தலையணையோ, யார் பார்த்தது? அதற்காக டாலி கிளார்க்குகள் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும், பலர் எழுதுவதில்லை. 'உள்ளிருப்பது சொன்னபடி. நான் பார்க்கவில்லை.' ஒரு தடவை அப்படி ஒரு பெட்டியைத் திறந்தபோது உள்ளே செங்கல் அடுக்கியிருந்தது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் விசாரணைக்கு நடையாய் நடந்தார்கள். கிருஷ்ணப்பன் மட்டும் நடக்கவில்லை. அந்த ஒரு வரி அவரைக் காப்பாற்றியது.

அன்றிலிருந்து அந்த வரி அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. கூரியர் பையன் நீட்டுகிற தாளில் எழுதுவார். மகள் மகிழினியின் பள்ளிக்கூட மார்க் கார்டில் எழுதினார். அவள் கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று, மாப்பிள்ளை பீம்ராவின் பிறந்த தேதிக்கு நேராக 'சொன்னபடி' என்று எழுதி வைத்தார். புது பாரம் வாங்கி முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. கல்யாண மாலையோடு மாப்பிள்ளை ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணப்பனின் மனைவி பூவம்மா இதைச் சொல்லிக்காட்டாத வருஷம் கிடையாது.

"பெத்த பொண்ணையே நான் சொல்லித்தானேயா நம்பிகினு கீற," என்பாள். "பர்த் சர்டிபிகேட்டுல எழுதி வெச்சியா, சொன்னபடி, நான் பாக்கலன்னு?"

கிருஷ்ணப்பன் அதற்குச் சிரிக்க மாட்டார். போய்க் கதவுத் தாழ்ப்பாளை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவார்.

அவர்கள் இருந்தது மூன்றாவது மாடியில். அடுக்குமாடிக் குடியிருப்பு, லிப்ட் கிடையாது. காலையில் தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு இறங்கி, குடத்தோடு ஏற வேண்டும். பூவம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. டாக்டர் படி ஏறாதீர்கள் என்று சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரையை வாங்கிக்கொண்டு அவள் படி ஏறி வந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்கு கிருஷ்ணப்பன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார். போட்டதோடு விடவில்லை. சைக்கிள் சங்கிலியால் அதைப் படிக்கட்டுக் கம்பியோடு சேர்த்துப் பூட்டினார். சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கியது. நாற்பது குடும்பம் ஏறி இறங்குகிற படிக்கட்டில் அந்த ஸ்டூலுக்கு மட்டும்தான் பூட்டு.

அவர்களுக்கு இன்னொரு வீடும் இருந்தது. திருவொற்றியூரில் ஒரு சந்துக்குள், இரண்டு போர்ஷன். ஓவர்டைம் காசை எல்லாம் சேர்த்து கிருஷ்ணப்பன் வாங்கிப் போட்டது. அந்த வாடகையில்தான் மகிழினி காலேஜ் படித்தாள். அங்கேயே குடிபோயிருக்கலாமே என்று கேட்பீர்கள். மழைக்காலத்தில் அந்தச் சந்தில் முழங்கால் தண்ணீர். முழங்கால் சரியில்லாதவளை அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது. அதனால் அதை விற்று, வாசற்படியில் கால் வைத்தால் வீடு என்கிற மாதிரி தரைத்தளத்தில் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது பூவம்மா. அவள் வாய் விட்டுக் கேட்ட ஒரே சொத்து அதுதான்.

வாங்க வந்தவர் ஜஹாங்கீர் பாய். பக்கத்துக் குடோன் அவருடையது, அதைப் பெரிசாக்க இடம் தேவைப்பட்டது. பேரம் பேசாமல் விலைக்கு ஒத்துக்கொண்டார். அது கிருஷ்ணப்பனுக்கு முதல் உறுத்தல். பணம் முழுவதையும் பேங்கு வழியாகத்தான் கொடுப்பேன், கையில் ரொக்கமாக ஒரு பைசா கொடுக்க மாட்டேன் என்றார். அது இரண்டாவது உறுத்தல். ஊரில் எல்லோரும் பாதியைக் கையில் கொடுத்துப் பாதியைப் பத்திரத்தில் காட்டும்போது, இந்த ஆள் மட்டும் ஏன் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் கொடுக்கிறார்? வரிக்கென்று நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டு, மீதி முழுசாகக் கணக்கில் ஏறியது. கிருஷ்ணப்பன் மூன்று தடவை பாஸ்புக்கில் பதிந்து பார்த்த பிறகுதான் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பார்த்த சரக்கு என்பதால் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

புது வீடும் சீக்கிரமே கிடைத்தது. தண்டையார்பேட்டையில், ஓய்வு பெற்ற டீச்சர் தேவகிருபையின் வீடு. தெரு மட்டத்துக்கு ஒரே ஒரு படி. சமையலறைக்குள்ளேயே குழாய். பூவம்மா அந்தக் குழாயைத் திறந்து மூடித் திறந்து பார்த்தாள். ஜன்னலுக்குத் திரை தைக்க வேண்டும் என்று முழங்கையால் அளந்துகொண்டாள். டீச்சர் சொன்ன விலைக்கும் கணக்கில் இருந்த பணத்துக்கும் சரியாக இருந்தது, பத்திரச் செலவுக்கு பூவம்மாவின் வளையல். ஒரே ஒரு சிக்கல். டீச்சரின் மகனும் கையெழுத்துப் போட வேண்டும். அவன் மஸ்கட்டில் இருந்தான், செப்டம்பரில்தான் லீவு.

"செப்டம்பர்ல வந்துருவான் பிரதர். நான் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்," என்று டீச்சர் சொன்னார்.

ஏன் செப்டம்பர், ஏன் ஆகஸ்ட் இல்லை என்று கிருஷ்ணப்பன் வழியெல்லாம் யோசித்தார்.

இந்த இடத்தில்தான் ஆடிட்டர் வந்தாள். மகிழினி தன் ஆபீசில் விசாரித்துப் பிடித்த ஆள். பேர் மகிமா. தெற்கத்தி வியாபாரக் குடும்பத்துப் பெண், இராயபுரத்தில் அப்பாவின் மளிகைக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ் வைத்திருந்தாள். படியேறும்போதே மிளகாய் நெடி மூக்கில் ஏறும். அவள் நிதானமாக எடுத்துச் சொன்னாள். வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் உள்ள லாபத்துக்குத்தான் வரி. வரி மட்டும் எட்டு லட்சத்துக்குக் கிட்ட வரும். ஆனால் அந்த லாபத்தைப் போட்டு வேறொரு வீடு வாங்கிவிட்டால் வரி கிடையாது. வாங்க இரண்டு வருஷம் வரை டைம் உண்டு.

அது வரைக்கும் கிருஷ்ணப்பன் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவள் ஒன்று சொன்னாள்.

"ஆனா ஐயா, வரிக் கணக்குக் காட்டக் கடைசித் தேதி ஜூலை முப்பத்தொண்ணு, அதுக்குள்ள வீடு வாங்கி முடியலன்னா, அந்தப் பணத்த இதுக்குன்னே இருக்கிற தனிக் கணக்குல போட்டு வெச்சிரணும். உங்க சேவிங்ஸ்ல சும்மா கெடந்தா செல்லாது. தேதி தாண்டிச்சுன்னா வரி கட்டியே ஆகணும், பாத்துக்கிடுங்க."

"போட்ட துட்ட எப்ப வேணா எடுத்துக்கலாமா?"

"வீட்டுக்குன்னா எடுக்கலாம். வேற எதுக்குன்னாலும் வரி ஆபீசர் சம்மதம் வேணும்."

"என் துட்டுக்கு எவனோ ஒர்த்தன் சம்மதம்."

"அப்படித்தான் ஐயா சட்டம்."

எல்லாக் கிளையிலும் அந்தக் கணக்கு திறக்க மாட்டார்கள், தண்டையார்பேட்டையில் இன்ன கிளையில் திறப்பார்கள் என்று அவளே எழுதியும் கொடுத்தாள். பீஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, வேலை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

கீழே இறங்கும்போது கிருஷ்ணப்பன் முகம் இறுகியிருந்தது. வேலை செய்கிறவள் பீஸ் வாங்க மாட்டேன் என்கிறாள். ஊரில் இத்தனை பேங்கு இருக்க ஒரே ஒரு கிளையைக் காட்டுகிறாள். போட்டால் எடுக்க முடியாத கணக்கு என்கிறாள். சீல் வைத்த பெட்டி, அவருக்கு அது அப்படித்தான் தோன்றியது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவர்கள் சொல்வதுதான்.

"இவளுக்கு அந்தப் பேங்க்ல கமிஷன் கீது," என்றார் பூவம்மாவிடம்.

"உனுக்கு மண்டைல கீது," என்றாள் அவள்.

ஜூன் மாதம் முழுக்க அவர் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. விசாரித்தார். கூட வேலை பார்த்த பழைய ஆட்களில் ஒருவர் அப்படி ஒரு கணக்கு உண்டு என்றார், இன்னொருவர் கேள்விப்பட்டதே இல்லை என்றார். கிருஷ்ணப்பன் இரண்டாமவரை நம்பினார். வீட்டுக்கு அருகில் இருந்த பேங்கில் கேட்டார். இங்கே அந்தக் கணக்கு கிடையாது சார் என்றார்கள். பார்த்தாயா என்றார் பூவம்மாவிடம். எல்லா இடத்திலும் கிடையாது என்று ஆடிட்டர்தான் முதலிலேயே சொன்னாளே என்றாள் பூவம்மா. அது அவர் காதில் விழவில்லை.

ஜூலையில் அவர் இராயபுரத்துக்குப் போக ஆரம்பித்தார். ஆடிட்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடை. ஐஸ் ஏற்றிய வண்டிகள் சொட்டிக்கொண்டே மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போகிற ரோடு. ஒரு டீயை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, மகிமாவின் படியில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தார். பழைய பஸ் டிக்கெட்டின் பின்னால் கோடு போட்டார். நாலு கோடு, குறுக்கே ஐந்தாவது. எதற்கு எண்ணுகிறார் என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. எண்ணினால் மனசு கொஞ்சம் அடங்கியது, அவ்வளவுதான்.

டீக்கடைக்காரன் இரண்டாம் நாளே கேட்டுவிட்டான். "இன்னா பெர்சு, பொண்ணு பாக்கவா வந்துகினு கீற, கடன்காரனத் தேடிகினா?"

"ரெண்டும் இல்ல. டீயப் போடு."

ஒரு நாள் அந்தப் படியிலிருந்து ஜஹாங்கீர் பாய் இறங்கி வந்தார். பின்னாலேயே மகிமா கையில் ஒரு கவரோடு வாசல் வரைக்கும் வந்து, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு மேலே போனாள்.

கிருஷ்ணப்பன் கையிலிருந்த டீ ஆறிப்போனது. வாங்கினவனும் என் ஆடிட்டரும் ஒன்று. பேரம் பேசாமல் வாங்கினானே, அது இதற்குத்தான். முழுப் பணமும் வெளிச்சத்தில் கொடுத்தானே, அதுவும் இதற்குத்தான். கொடுத்த பணத்தை ஒரு பெட்டிக்குள் போட வைத்து, சீல் வைத்து, பிறகு இரண்டு பேருமாக எடுத்துக்கொள்வார்கள். எப்படி எடுப்பார்கள் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததே அவருக்குப் பெரிய சாட்சியாக இருந்தது. செங்கல் பெட்டியும் முதலில் யாருக்கும் பிடிபடவில்லை.

ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். ரோட்டைத் தாண்டினால் போதும். கேட்டால் கதை சொல்வார்கள் என்று அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து மகிமாவின் போனை எடுப்பதை நிறுத்தினார். அவள் எட்டுத் தடவை அடித்துப் பார்த்துவிட்டு மகிழினியை அழைத்தாள்.

மகிழினி ஜூலை இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக வந்தாள். மூன்று மாடி ஏறிய மூச்சிலேயே பேசினாள்.

"நைனா, அந்தப் பாய் உனுக்கோசரம்தான் வந்தாரு. உன் துட்டுல நூத்துக்கு ஒரு ரூபா புடிச்சாரு இல்ல, அத உன் பேர்ல கவர்மெண்டுல கட்டி, அந்த சர்டிபிகேட்ட குடுக்க வந்தாரு. உன்கிட்ட நீட்டுனா நீ வாங்க மாட்டேன்னு அங்க குடுத்தாரு."

"நீ பாத்தியா?"

"இன்னாது?"

"அந்த சர்டிபிகேட்ட கண்ணால பாத்தியா?"

மகிழினி கைப்பையிலிருந்து அதை எடுத்துத் தரையில் போட்டாள். கிருஷ்ணப்பன் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் பேர், அவர் பான் நம்பர், ரூபாய் எல்லாம் சரியாக இருந்தது. சரியாகத்தான் இருக்கும் என்றார். சரியாக இருக்கிற மாதிரி செய்யத் தெரியாதவனா இத்தனை பணம் போட்டு வாங்குவான்?

அதுவரை அடுப்படியில் இருந்த பூவம்மா வெளியே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தப் படில நான் இன்னும் எத்தினி வருசம் ஏறணும்னு சொல்லு. நீதான் எண்றதுல கில்லாடியாச்சே."

கிருஷ்ணப்பன் சர்டிபிகேட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். காலையில் பேங்குக்குப் போகலாம் என்றார்.

முப்பதாம் தேதி இரண்டு பேரும் ஆட்டோவில் போனார்கள். பேங்கில் அப்படி ஒரு கூட்டம். கடைசி நேரத்தில் வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்தபடி நின்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் பூவம்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். எந்தக் கால் வலி என்று கேட்டாள். ரெண்டும் என்றாள் பூவம்மா. எங்கம்மாவுக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவள் கவுண்டருக்குப் போனாள்.

கிருஷ்ணப்பன் பாரத்தை நிரப்பினார். பேர், விலாசம், பான் நம்பர். இன்னொரு போன் நம்பர் எழுதச் சொன்ன இடத்தைக் காலியாக விட்டார். எதற்கு இரண்டு நம்பர்? மகளுடைய நம்பரை வைத்து இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? லாபத் தொகைக்குச் செக் எழுதி இணைத்தார். தொகையை மூன்று தடவை சரிபார்த்தார். கடைசியில், கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே, பொடி எழுத்தில் ஒன்று அச்சடித்திருந்தது. இந்தக் கணக்கின் விதிகள் அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டேன், அவற்றுக்குக் கட்டுப்படுகிறேன்.

அவர் எந்த விதியையும் படித்திருக்கவில்லை. யாரும் கொடுக்கவும் இல்லை. விதிகள் எங்கே என்று கேட்கலாம் என்று தலையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் இருபது பேர் இருந்தார்கள். பக்கத்தில் பூவம்மா நாற்காலியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போட்டார். கை தானாகப் பக்கத்தில் போயிற்று. முப்பது வருஷப் பழக்கம், நின்று யோசித்துச் செய்கிறதில்லை. சின்ன எழுத்தில், கோணாமல், 'விதிகள் சொன்னபடி. நான் பார்க்கவில்லை' என்று எழுதி, தேதியும் போட்டார். அந்தப் பெண் பாரத்தை வாங்கி, செக்கைப் பார்த்து, முத்திரை குத்திக் கட்டுக்குள் செருகினாள். ரசீதைக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் பூவம்மா ஆட்டோவைத் தேவகிருபை டீச்சர் தெரு வழியாகப் போகச் சொன்னாள். இறங்கவில்லை. அந்த ஒற்றைப் படியைப் பார்த்துக்கொண்டே போனாள்.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் கிருஷ்ணப்பனுக்கு ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர். எடுத்தார், பேசவில்லை. அந்தப் பக்கம் பேசட்டும் என்று காத்திருப்பது அவர் வழக்கம்.

"சார், கிருஷ்ணப்பன் சாரா? பேங்க்லேர்ந்து நவ்ரீன் பேசறேன். உங்க பாரம்ல ஒரு பிரச்சன சார். பாஸ்புக்கு, பான் கார்டு எடுத்துட்டு உடனே கெளம்பி வாங்க. இன்னைக்கே வரணும்."

கிருஷ்ணப்பன் உடம்பெல்லாம் உஷாரானது. கீழ்த் தளத்து ராமதாஸ் போன வருஷம் இப்படித்தான் ஒரு போனை எடுத்தார். பேங்கிலிருந்து என்றார்கள், உடனே என்றார்கள், இன்றைக்கே என்றார்கள். பென்ஷன் பணம் மொத்தமும் போயிற்று. அவசரப்படுத்தினாலே திருட்டுத்தனம் என்று அன்றைக்கு அந்தக் குடியிருப்பு முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அதிகம் பேசியது கிருஷ்ணப்பன்.

"பாஸ்புக்கு, பான் கார்டு, அப்புறம் இன்னா மா? வூட்டு சாவியும் எடுத்தாரட்டா?"

"சார், நான் சொல்றதக் கேளுங்க. நாலு மணிக்குள்ள..."

"ராமதாசுகிட்டயும் இதத்தான் சொன்னீங்க. வேற ஆளப் பாரு."

அந்த நம்பரைத் தடுத்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு நம்பரிலிருந்து வந்தது. பேங்கு மேனேஜர் என்று ஒரு ஆண் குரல். கும்பலாக உட்கார்ந்து செய்கிறார்கள் என்று புரிந்தது. அதையும் தடுத்தார். மூன்றாவதாக வந்ததை எடுக்கவே இல்லை.

ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் மனசு லேசாக இருந்தது. அவர்கள் வந்தார்கள், இவர் பிடித்துவிட்டார். கீழே இறங்கிப்போய் ராமதாசிடம் சொன்னார். ராமதாஸ் அவர் தோளைத் தட்டி, உனக்கு இருக்கிற மூளை எனக்கு இல்லாமல் போச்சே மாமு என்றார். கிருஷ்ணப்பன் தெருமுனைக் கடையில் இரண்டு பேருக்கும் டீ வாங்கினார். மாடி ஏறும்போது ஸ்டூல் சங்கிலியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

பூவம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாதிக் காதோடு கேட்டாள்.

"பொம்பள கூடவா திருடறா?"

"பேர் வேற சொல்றா. நவ்ரீனாம்."

அரிசியில் இருந்த கை நின்றது.

"இன்னா பேரு?"

"நவ்ரீன்."

"யோவ்," என்றாள் பூவம்மா. "நேத்து எனக்கு நாற்காலி தூக்கியாந்து போட்டுச்சே, அந்தப் பொண்ணுயா. சட்டைல பேர் குத்தியிருந்திச்சு. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."

கிருஷ்ணப்பன் பாஸ்புக்கைத் தேடினார். அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. செருப்பு மாட்டாமல் இறங்கினார்.

ஆட்டோ தண்டையார்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. காவலாளி குனிந்து பார்த்து நாளைக்கு வரச் சொன்னார். கிருஷ்ணப்பன் போகவில்லை. ஷட்டருக்கு அடியில் கையை விட்டு, நவ்ரீன், நவ்ரீன் என்று கூப்பிட்டார். அவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு குனிந்து வெளியே வந்தாள்.

காலையில் மேனேஜர் மேஜைக்குக் கட்டு போனபோதுதான் அந்த வரியைப் பார்த்தார்கள் என்றாள். விதிகளைப் படித்தேன் என்று அச்சில் இருக்கிறது, படிக்கவில்லை என்று அதற்குப் பக்கத்தில் கையால் எழுதியிருக்கிறது, அதை வைத்துக் கணக்குத் திறக்க முடியாது. புது பாரத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கணக்குகளை முடித்தாகிவிட்டது. இனிமேல் போட்டால் நாளைத் தேதிதான் விழும்.

"நாலு மணி தாண்டியும் சிஸ்டத்த மூடாம வெச்சிருந்தோம் சார். ஏன் சார் அப்படி எழுதினீங்க?"

"உள்ள இன்னா கீதுன்னு நான் பாக்கல மா," என்றார் கிருஷ்ணப்பன். "அதான் எழுதினேன்."

அவள் திரும்ப உள்ளே போய் அவருடைய செக்கையும் பாரத்தையும் எடுத்து வந்து கொடுத்தாள். அதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அவர் போட்டார். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, இரண்டையும் கண்ணால் பார்த்துத்தான் வாங்கினார்.

அங்கிருந்தே மகிமாவுக்குப் போன் செய்தார். அவராக அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். திட்டவில்லை. அப்பீலுக்குப் போய்ப் பார்க்கலாம், சிலருக்குக் கிடைத்திருக்கிறது, சிலருக்குக் கிடைக்கவில்லை, வருஷக் கணக்கில் இழுக்கும், அதற்குள் வரியைக் கட்டி வைப்பதுதான் நல்லது என்றாள். எட்டு லட்சம் போனால் டீச்சர் வீட்டுக்குப் பணம் பத்தாது. அறுபத்து மூன்று வயசில் எந்த பேங்கும் கடன் தராது. மகிழினி ஏற்கெனவே தன் வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் யாரும் அவருக்கு எண்ணிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பூவம்மாவிடம் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டு, அவர் போனை வாங்கித் தேவகிருபை டீச்சரை அழைத்தாள். வேறு ஆள் இருந்தால் பாருங்கள், எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றாள். டீச்சர் ஏன் என்று கேட்டிருப்பார் போல.

"துட்டு கொறையுது டீச்சர்," என்றாள் பூவம்மா. "வேற ஒண்ணியும் இல்ல."

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட அரிசியைக் களையப் போனாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. பூவம்மா ஒரு குடத்தோடு இறங்கினாள். கிருஷ்ணப்பன் இரண்டு குடங்களோடு அவள் பின்னால் இறங்கினார். ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் குடங்களைக் கீழே வைக்காமல் பக்கத்தில் நின்றார்.